முந்தைய இரவே தொடங்கும் காலை விருந்து: பல நாட்டுப் பண்டிகை உணவுகள் ஆறு

பண்டிகை நாள் காலையில் யார் கடைசியாகச் சாப்பிட உட்காருகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் சமைத்தவர்தான். மற்றவர்கள் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு எழுந்த பிறகு, ஆறிப்போன மிச்சத்தை அடுப்படியில் நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வார். எனக்குப் பொறுக்காத காட்சி அது. வெவ்வேறு நாட்டுக் குடும்பங்கள் பண்டிகைக் காலையை எப்படிச் சமாளிக்கின்றன என்று தேடவும், அவர்கள் உணவுகளைச் செய்து பார்க்கவும் நான் தொடங்கியதற்கு அதுவே காரணம்.

செய்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது. தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்ட பண்டிகைக் காலை உணவுகளில் பல, உண்மையில் காலையில் சமைக்கப்படுவதே இல்லை. மாவு இரவில் பொங்குகிறது, பேரீச்சை இரவில் ஊறுகிறது, சாறு முதல் நாளே கொதித்து முடிகிறது, ஓவன் விடிய விடிய மெல்லிய சூட்டில் வேலை செய்கிறது. அல்லது பத்துக் கைகள் சேர்ந்து முந்தின நாளே முடித்துவிடுகின்றன. விடிந்த பின் மிஞ்சுவது கடைசி இருபது நிமிட வேலைதான். இங்கே நான் தேர்ந்த ஆறும் அப்படிப்பட்டவை. எளியதில் தொடங்கி வேலை மிகுந்ததில் முடிகிறேன். ஒரு பண்டிகைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதையும் இரண்டு வாரத்துக்கு முன்பு ஒருமுறை சிறிய அளவில் செய்து பாருங்கள். விருந்தினர் முன்னிலையில் முதல் முயற்சி வேண்டாம்.

ஃபின்லாந்தின் அரிசிக் கஞ்சி, ஒரே ஒரு பாதாமோடு

ஃபின்லாந்தில் டிசம்பர் 24ஆம் தேதி காலை பாலில் குழைந்த அரிசிக் கஞ்சியோடு தொடங்கும். அன்று நண்பகலில் துர்க்கு நகரில் கிறிஸ்துமஸ் அமைதிப் பிரகடனம் வாசிக்கப்படும். கஞ்சிக்குள் தோல் உரித்த முழுப் பாதாம் ஒன்று ஒளிந்திருக்கும். யார் கிண்ணத்தில் அது வருகிறதோ அவருக்கு வரும் ஆண்டு நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை.

குட்டையான, குழையும் தன்மையுள்ள அரிசி 1 கப், தண்ணீர் ஒன்றரைக் கப், உப்பு 1 தேக்கரண்டி. இவற்றை அடிகனமான பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் வற்றும் வரை வேகவையுங்கள். தண்ணீரில் முதலில் வெந்த அரிசி, பாலில் அடிபிடிப்பது குறைவு. பிறகு 1 லிட்டர் கொழுப்பு நீக்காத பாலைச் சேர்த்துக் கொதி வந்ததும் அடுப்பை மிகவும் தணித்து, 45 நிமிடம் அவ்வப்போது கிளறுங்கள். இதை இரவே செய்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். வெளியே விடிய விடிய வைக்காதீர்கள். வெந்த அரிசி வெதுவெதுப்பில் கிடந்தால் கெட்டுவிடும். காலையில் அரைக் கப் பால் விட்டு இளக்கிச் சூடாக்குங்கள். கிண்ணத்தில் ஊற்றி, நடுவில் ஒரு துண்டு வெண்ணெய் வையுங்கள். அது உருகி மஞ்சள் குளமாக நிற்கும்போது சர்க்கரையும் பட்டைத்தூளும் தூவுங்கள்.

பாதாமைப் பரிமாறும் முன் சேருங்கள். குழந்தைகள் பார்க்கக் கூடாது. டென்மார்க்கில் இதே கஞ்சியின் குளிர்ந்த வடிவம் டிசம்பர் 24 இரவில் வரும். கடைந்த கிரீமும் வனிலாவும் சேர்த்து, மேலே சூடான செர்ரிச் சாறு ஊற்றுவார்கள். அங்கே பாதாம் கிடைத்தவர் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் பாத்திரம் காலியாகும் வரை தேடித் தேடிச் சாப்பிட வேண்டும். கஞ்சி மிச்சமாகாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஈத் காலையின் ஷீர் குர்மா

பாரசீகத்தில் ‘ஷீர்’ என்றால் பால், ‘குர்மா’ என்றால் பேரீச்சை. பெயரிலேயே செய்முறை பாதி இருக்கிறது. ஈதுல் ஃபித்ர் தொழுகைக்குப் புறப்படும் முன் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பேரீச்சம்பழம் உண்பது நபிவழி. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளின் முஸ்லிம் வீடுகளில் பாலும் சேமியாவும் அந்தப் பேரீச்சையோடு சேர்ந்து ஈத் காலையின் அடையாளமாகிவிட்டன.

முந்தைய இரவில் செய்ய வேண்டியவை: காய்ந்த பேரீச்சை 10 எடுத்துத் தண்ணீரில் ஊறவையுங்கள். பாதாமும் பிஸ்தாவும் கைப்பிடியளவு வேறு கிண்ணத்தில் ஊறட்டும். சேமியா 50 கிராமை ஒரு தேக்கரண்டி நெய்யில் பொன்னிறமாக வறுத்து டப்பாவில் போட்டுவிடுங்கள். மெல்லிய சேமியாதான் வேண்டும். தடித்தது பாலைக் குடித்துவிட்டுக் களியாகும்.

காலையில் 1 லிட்டர் பாலைக் காய்ச்சி, கால் மணி நேரம் நிதானமான தீயில் சுண்டவிடுங்கள். அதற்குள் பாதாம், பிஸ்தாவின் தோலை உரித்துச் சீவலாம். முந்திரியும் சாரைப்பருப்பும் சேர்த்து எல்லாவற்றையும் நெய்யில் வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். பேரீச்சையை நீளவாக்கில் நறுக்கி அதே நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டுங்கள். சுண்டிய பாலில் 4 மேசைக்கரண்டி சர்க்கரையும் சேமியாவும் போட்டு நான்கு நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து, பருப்புகளையும் பேரீச்சையையும் ஏலக்காயையும் சேருங்கள். பேரீச்சை கடைசியில்தான் சேர வேண்டும். பாலோடு நெடுநேரம் கொதித்தால் பால் திரிந்துபோக வாய்ப்புண்டு.

இறக்கும்போது நீர்த்திருக்கிறதே என்று தோன்றும். பதறி இன்னும் சேமியா போட்டுவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் தானாக இறுகும். வாழ்த்துச் சொல்ல வருகிறவர்களுக்காகப் பகல் முழுவதும் எடுத்து வைக்கும் பண்டம் என்பதால், அரை லிட்டர் பாலைத் தனியே காய்ச்சி வைத்துக்கொண்டால் அவ்வப்போது இளக்கிக்கொள்ளலாம்.

கொரியாவின் புத்தாண்டுக் கிண்ணம்: தொக்குக்

கொரியச் சந்திரப் புத்தாண்டான ‘சொல்லால்’ அன்று, முன்னோருக்குப் படையல் வைத்து வணங்கிய பின் குடும்பம் உண்பது அரிசிக் கட்டிச் சாறான தொக்குக். ஒரு கிண்ணம் குடித்தால் ஒரு வயது கூடும் என்பார்கள். இது வெறும் பேச்சாக மட்டும் இருக்கவில்லை. பிறக்கும்போதே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டிலும் இன்னொரு வயது என்றுதான் அங்கே வழக்கமாக எண்ணினார்கள். தென்கொரியா 2023 ஜூன் மாதம் சட்டக் கணக்கில் உலக வழக்கப்படியான வயதை நிலைநிறுத்தியது. ஆனாலும் குழந்தைகள் இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு இரண்டு வயது கூடிவிட்டதாகச் சொல்லிக்கொள்வதை எந்தச் சட்டம் தடுக்கும்?

அரிசிக் கட்டி என்பது, வேகவைத்த அரிசி மாவை இடித்து நீண்ட வெள்ளைத் தண்டாக உருட்டி, சாய்வாகச் சீவிய வில்லை. பார்க்க நாணயம்போல் இருக்கும். செல்வம் சேரட்டும் என்பதற்காக இந்த வடிவம் என்பார்கள். வீட்டில் செய்வது கடினம். உலர்ந்த அரிசி மாவில் செய்தால் அந்த மெல்லும் பதம் வராது. உறையவைத்த வில்லைகளை வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் நாள் மாலையில் 250 கிராம் மாட்டின் மார்புக் கறியை 2 லிட்டர் தண்ணீரில், நான்கு பல் பூண்டும் ஒரு வெங்காயத்தாளும் போட்டு ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதிக்கவையுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துக்கொண்டே இருங்கள். சாறு தெளிவாக இருப்பதுதான் இந்த உணவின் அழகு. கறியை எடுத்து நாராகக் கிழித்துவிட்டுச் சாற்றை வடிகட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே உறைந்திருக்கும் கொழுப்பை ஒரு கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். இறைச்சி உண்ணாதவர்கள் காய்ந்த காளானையும் கடற்பாசித் தகட்டையும் வைத்துச் சாறு எடுக்கலாம், சுவை குறைவதில்லை.

காலையில் 500 கிராம் வில்லைகளைக் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். இரண்டு முட்டைகளின் மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்து, தனித்தனியே மெல்லிய தகடாக, நிறம் மாறாமல் தணிந்த தீயில் வேகவைத்து, நூல்போல் நறுக்குங்கள். சாற்றைக் கொதிக்கவைத்து, சூப்புக்கான கொரிய சோயா சாஸும் உப்பும் சேர்த்து, வில்லைகளைப் போடுங்கள். நான்கைந்து நிமிடத்தில் அவை மிதந்து மேலே வரும். அந்த நொடியே கிண்ணத்துக்குப் போக வேண்டும். கறி, முட்டை நூல், வறுத்த கடற்பாசிக் கீற்று, சில துளி நல்லெண்ணெய். நல்லெண்ணெய் என்றால் கொரியர்களுடையது எள்ளை வறுத்து எடுத்தது, மணம் வன்மையானது. மூன்று துளிக்கு மேல் வேண்டாம்.

சாப்பிட எல்லோரும் உட்கார்ந்த பிறகே வில்லைகளைப் போடுங்கள். பத்து நிமிடம் சாற்றில் கிடந்தாலே ஊதிக் குழைந்துவிடும்.

சுவீடனின் குங்குமப்பூ ரொட்டி

டிசம்பர் 13, லூசியா திருநாள். சுவீடனில் அந்த மாதத்தில் காலை எட்டு மணிக்கும் இருள் விலகியிருக்காது. வெள்ளை அங்கி அணிந்த பெண் குழந்தை தலையில் மெழுகுவர்த்தி முடியோடு பாடிக்கொண்டு வர, பின்னால் மற்றவர்கள் விளக்கேந்தி வருவார்கள். வீடுகளில் பிள்ளைகள் பெற்றோரை எழுப்பிக் காபியோடு கொடுப்பது ‘லுஸ்ஸேகத்தர்’ என்ற மஞ்சள் ரொட்டி. இரு முனையும் எதிரெதிராகச் சுருண்டிருக்கும், சுருளின் நடுவில் ஒவ்வோர் உலர்திராட்சை.

இந்த ரொட்டியைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: காய்ந்துபோகிறது. என் முதல் தட்டு மறுநாள் தேநீரில் நனைக்காமல் தின்ன முடியாதபடி இருந்தது. தவறு இரண்டு இடத்தில் நடக்கிறது. பிசையும்போது ஒட்டுகிறதே என்று மைதாவை அள்ளிப் போடுவது முதலாவது. ஓவனில் இரண்டு நிமிடம் கூட விடுவது இரண்டாவது. சுவீடனில் பலர் மாவில் ஒருவகைப் புதுப் பாலாடைக்கட்டி சேர்த்து ஈரத்தைக் காக்கிறார்கள். அதற்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட கெட்டித் தயிர் நன்றாகவே வேலை செய்கிறது.

தேவையானவை: பால் 250 மி.லி., வெண்ணெய் 90 கிராம், கெட்டித் தயிர் 100 கிராம், சர்க்கரை 90 கிராம், குங்குமப்பூ அரை கிராம், உலர் ஈஸ்ட் 7 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டி, மைதா 520 கிராம், ஒரு முட்டை, உலர்திராட்சை ஒரு கைப்பிடி. இந்த அளவில் பதினாறு ரொட்டி வரும்.

1. குங்குமப்பூவைச் சிட்டிகை சர்க்கரையோடு சிறு உரலில் இட்டு நைத்துப் பொடியாக்குங்கள். சர்க்கரையின் படிகங்கள்தான் இழையை அரைக்கின்றன. தனியே இடித்தால் இழை உரலில் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டு கரண்டி சூடான பாலில் இதைக் கரைத்து அரை மணி நேரம் வையுங்கள். விலையுயர்ந்த பொருள், அதன் நிறமும் மணமும் முழுதாக இறங்கட்டும்.

2. வெண்ணெயை உருக்கி மீதிப் பாலில் ஊற்றுங்கள். விரலை விட்டால் சூடு தெரியாத வெதுவெதுப்பு போதும். குங்குமப்பூப் பால், தயிர், சர்க்கரை, ஈஸ்ட் சேருங்கள்.

3. மைதாவையும் உப்பையும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். தொடக்கத்தில் கையெல்லாம் ஒட்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், மாவு தூவாதீர்கள். எட்டாவது நிமிடம் வாக்கில் மாவு பாத்திரத்தின் பக்கங்களை விட்டு விலகி, பட்டுப்போல் மினுங்கத் தொடங்கும்.

4. மூடி வைத்து ஒரு மணி நேரம். இருமடங்கானதும் பதினாறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சாண் நீளக் கயிறாக உருட்டி, இரு முனையையும் எதிர்த்திசையில் சுருட்டுங்கள். சுருளை இறுக்க வேண்டாம், உப்ப இடம் வேண்டும்.

5. தட்டில் அடுக்கி, எண்ணெய் தடவிய தாளால் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். குளிரில் ஈஸ்ட் மெல்ல வேலை செய்யும்.

6. காலையில் வெளியே எடுத்து ஒரு மணி நேரம் குளிர் விடட்டும். முட்டையை அடித்துத் தடவுங்கள். திராட்சையை விரலால் அடிவரை அழுத்துங்கள், மேலோட்டமாக வைத்தால் வேகும்போது எழும்பி உதிரும். 225 டிகிரி செல்சியஸில் 6 முதல் 8 நிமிடம். ஓவன் முன்னாலேயே நில்லுங்கள்.

7. எடுத்ததும் துணியால் போர்த்துங்கள். ஆறிய பின் மிச்சத்தை அன்றே உறைநிலையில் வைத்துவிடுங்கள். மறுநாளைக்கென்று வெளியே விட்டால் மீண்டும் அதே பழைய குறைதான்.

ஏமன் யூதர்களின் ஜஹ்னூன்: விடிய விடிய வேகும் சுருள்

யூத மரபில் வெள்ளி மாலை சூரியன் மறைவதிலிருந்து சனி இரவு வரை ஓய்வு நாள். அப்போது தீ மூட்டக் கூடாது, சமைக்கக் கூடாது. ஆனால் முன்பே மூட்டிய சூட்டில் தானாக வெந்துகொண்டிருப்பதற்குத் தடையில்லை. இந்த ஒரு வரம்புக்குள் பிறந்த உணவுகள் பல. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஏமன் நாட்டு யூதர்களின் ஜஹ்னூன். 1949, 50ஆம் ஆண்டுகளில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலில் குடியேறினர். இன்று அங்கே சனிக்கிழமைக் காலை என்றால் பலருக்கும் இதுதான்.

மைதா 500 கிராம், தண்ணீர் 320 மி.லி., தேன் 2 மேசைக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் கால் தேக்கரண்டி. மிருதுவாகப் பிசைந்து, ஆறு உருண்டையாக்கி, எண்ணெய் தடவி ஒரு மணி நேரம் விடுங்கள். இந்த ஓய்வைக் குறைக்கவே கூடாது. ஓய்வெடுக்காத மாவை இழுத்தால் சுருங்கிக்கொண்டு பின்னால் போகும், அல்லது கிழியும்.

மேடையில் எண்ணெய் தடவி, ஓர் உருண்டையை உள்ளங்கையால் பரப்பி, ஓரங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டே வாருங்கள். அடியில் உள்ள மேடையின் நிறம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக வேண்டும். ஓரிரு இடத்தில் கிழிந்தால் கவலை இல்லை, சுருட்டியதும் மறைந்துவிடும். இளகிய வெண்ணெய் அல்லது நெய்யை முழுவதும் தடவுங்கள். ஆறுக்கும் சேர்த்து 100 கிராம். இடது வலது ஓரங்களை நடுவில் மடித்து, மீண்டும் சிறிது தடவி, இறுகச் சுருட்டுங்கள்.

கனமான, மூடியுள்ள பாத்திரத்தின் அடியில் பழைய ரொட்டித் துண்டுகளைப் பரப்புங்கள். அடிச்சூட்டை அவை வாங்கிக்கொள்ளும். மேலே சுருள்களை நெருக்கி அடுக்கி, அவற்றின்மேல் ஆறு முட்டைகளை ஓட்டோடு வையுங்கள். எண்ணெய்த் தாள், அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் மூடி. இந்த மூடாக்கில்தான் எல்லாம் இருக்கிறது. முதல்முறை நான் தாளை அலட்சியமாகப் போட்டேன். காலையில் மேலடுக்கு முழுவதும் விறகுபோல் காய்ந்து கிடந்தது. ஆவி ஒரு துளியும் வெளியேறாதபடி ஓரங்களை மடித்து அழுத்துங்கள். 105 டிகிரி ஓவனில் 10 முதல் 12 மணி நேரம்.

அதிகாலை நான்கு மணி வாக்கில் வீடு முழுவதும் ஒரு மணம் பரவும். வெண்ணெயும் தேனும் மாவும் மெல்ல மெல்லச் சிவக்கும் மணம். வெள்ளையாக உள்ளே போனது தேன்நிறமும் பழுப்புமாக வெளியே வரும். முட்டையின் ஓட்டை உரித்தால் உள்ளே வெள்ளைக்கருவும் இளம்பழுப்பாக மாறியிருக்கும்.

தொட்டுக்கொள்ளத் தக்காளியைத் துருவி உப்புச் சேர்த்தால் போதும், சமைக்கக் கூடாது. கூடவே ‘ஸ்ஹூக்’: பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை, பூண்டு, சீரகம், ஏலக்காய், உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்த துவையல். சுருளின் இனிப்பும் நெய்ப்பும் இந்தக் காரத்துக்காகவே காத்திருந்ததுபோல் இருக்கும்.

மெக்சிகோவின் தமாலே: கைகள் நிறைய வேண்டும்

தமாலே என்பது மக்காச்சோள மாவைச் சோள மடலில் தடவி, பூரணம் வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பது. இதைத் தனியாகச் செய்ய முயலாதீர்கள். மெக்சிகோவில் கிறிஸ்துமஸுக்கு முன் உறவினர்கள் கூடி தமாலே மடிப்பதற்கே ‘தமாலாதா’ என்று தனிப்பெயர் உண்டு. பாட்டி மாவின் பதம் பார்ப்பார், ஒருவர் தடவுவார், ஒருவர் பூரணம் வைப்பார், குழந்தைகள் கட்டுவார்கள். பிப்ரவரி 2ஆம் தேதியும் தமாலே நாள். ஜனவரி 6 அன்று வெட்டும் வளைய ரொட்டிக்குள் யாருக்குச் சின்னப் பொம்மை கிடைத்ததோ அவர்தான் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே தர வேண்டும்.

மாவு சாதாரண மக்காச்சோள மாவு அல்ல, இதில் ஏமாந்துவிடாதீர்கள். சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, தோல் நீக்கி அரைத்தது. ‘மாசா அரினா’ என்று கேட்டு வாங்குங்கள். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் மாவு ஒன்றோடொன்று பிடிக்கும். அதோடு சோளத்திலுள்ள நியாசின் சத்து உடலுக்குக் கிட்டுவதும் அதனால்தான். ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துப்போனார்கள், இந்தச் சுண்ணாம்பு அறிவை விட்டுவிட்டுப் போனார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலக்ரா என்ற கொடிய நோய் வாட்டியது.

உலர்ந்த சோள மடல்களை வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். 250 கிராம் பன்றிக்கொழுப்பு அல்லது வெண்ணெயைப் பஞ்சுபோல் வெளுக்கும் வரை அடியுங்கள். 4 கப் மாவு, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 2 தேக்கரண்டி உப்பு, வெதுவெதுப்பான கோழிச்சாறு அல்லது காய்கறிச்சாறு மூன்றரைக் கப் வரை மாறி மாறிச் சேர்த்து அடியுங்கள். போதுமா என்று அறிய, ஒரு சிறு உருண்டையைக் குளிர்ந்த நீரில் போடுங்கள். மிதந்தால் சரி. மூழ்கினால் இன்னும் காற்று ஏற வேண்டும், தொடர்ந்து அடியுங்கள்.

மடலின் வழவழப்பான பக்கத்தில் மாவைத் தடவி, நடுவில் மிளகாய்ச் சாந்தில் புரட்டிய கோழிக்கறி நார், அல்லது சுட்ட மிளகாய்க் கீற்றும் பாலாடைக்கட்டியும் வைத்து, பக்கங்களை மூடி வால்பகுதியை மடியுங்கள். ஆவிப் பாத்திரத்தில் திறந்த முனை மேலே இருக்கும்படி நிறுத்தி வையுங்கள். அடித்தண்ணீரில் ஒரு நாணயத்தைப் போட்டுவிடுங்கள். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும் வரை அது கலகலவென்று ஆடும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள், பேச்சில் மூழ்கியிருக்கும் கூட்டத்துக்கும் அது கேட்கும். ஒன்றேகால் மணி நேரம் கழித்து ஒன்றைத் திறந்து பாருங்கள். மடல் ஒட்டாமல் உரிந்து வந்தால் வெந்துவிட்டது; கால் மணி நேரம் மூடியே வைத்தால் இறுகி நிற்கும்.

அன்றிரவு உண்டது போக மிச்சத்தை ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை, காய்ந்த இரும்புக் கல்லில் மடலோடு அப்படியே போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். மடல் கருகிப் புகையும்போது உள்ளே மாவு முறுகும். பக்கத்து அடுப்பில், அதே சோள மாவைப் பாலில் கரைத்துப் பட்டையும் வெல்லமும் போட்டுக் காய்ச்சிய ‘அதோலே’ கொதிக்கட்டும். எட்டு நிமிட வேலை. எல்லோரும் மடலை உரிக்கத் தொடங்கும்போது நீங்களும் அங்கேயே உட்கார்ந்திருப்பீர்கள்.